கணிப்பொறிப் பழுதும் கண்டறியும் முறையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

கணிப்பொறி இல்லாமல் இன்று கல்லூரி வாழ்க்கை இல்லை. சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், நுழைவுச்சீட்டு, மதிப்பெண் பட்டியல் என அனைத்தும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. ஆனால் அதை இயக்கத் தெரிந்த நம்மில் பலருக்கு, அது இயங்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வதென்று தெரிவதில்லை. உடனே அஞ்சுகிறோம், கடைக்கு எடுத்துச் செல்கிறோம், கேட்ட தொகையைக் கொடுக்கிறோம். கொடுக்க இயலாதவர்கள் கருவியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுகிறோம். இவ்வச்சம் தேவையற்றது என்பதையும், அறிவியல் மாணவர்களாகிய நாம் ஆய்வகத்தில் அன்றாடம் கையாளும் முறையே பழுது காணும் முறையும் ஆகும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறிவிடுகிறேன். என் அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, 2017ஆம் ஆண்டில், அரசின் விலையில்லா மடிக்கணினி அவருக்குக் கிடைத்தது. 2011இல் தொடங்கப்பட்ட அத்திட்டத்தினால்தான் எங்கள் தெருவுக்கு முதல் கணிப்பொறி வந்தது. அக்கா மேலே படிக்கவில்லை. நூற்பாலை வேலைக்குச் சென்றார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அது என் கைக்கு வந்தது. முதலாண்டின் இரண்டாம் பருவத்தில், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நான்கு நாட்களே எஞ்சியிருந்த நிலையில், ஒருநாள் காலை அது விழிக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நகரத்துக் கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பாராமல், “மதர்போர்டு போயிடுச்சு தம்பி, 4,500 ஆகும்” என்றார். என் தாயார் கட்டட வேலையில் சித்தாளாக இருக்கிறார். அத்தொகை அவருடைய ஒன்பது நாள் கூலி.

மறுநாள் எங்கள் துறையின் ஆய்வக உதவியாளரிடம் இதைச் சொன்னேன். “கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு? அதுக்கப்புறம் என்னப்பா நடந்துச்சு?” என்று அவர் கேட்டார். பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது பை கீழே விழுந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் மின்கலத்தைக் கழற்றினார், பின்மூடியைத் திறந்தார், ராம் எனப்படும் நினைவகப் பலகையை வெளியே எடுத்தார். அதன் விளிம்பிலிருந்த பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, மீண்டும் ‘டக்’கென்று ஒலி கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது. ஆன செலவு ஓர் அழிப்பானின் ஓரம்; அந்த அழிப்பானும் என்னுடையதே.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் கூற வரவில்லை. நாளொன்றுக்கு எத்தனையோ கருவிகளைப் பார்ப்பவர் அவர்; அடிக்கடி கண்ட காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவர் விடையிலிருந்து தொடங்கினார். ஆய்வக உதவியாளர் வினாவிலிருந்து தொடங்கினார். ஒன்பது நாள் கூலிக்கும் ஓர் அழிப்பானுக்கும் இடையே இருந்த வேறுபாடு அவ்வளவுதான்.

பூச்சி கண்ட வரலாறு

கணிப்பொறித் துறையினர் பிழையை ‘பக்’, அதாவது பூச்சி, என்பர். பிழை நீக்குதலை ‘டீபக்’ என்பர். இச்சொல் கணிப்பொறிக்கு முந்தியது. தாமஸ் ஆல்வா எடிசன் 1878ஆம் ஆண்டிலேயே, தம் கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் சிறு குறைகளை இச்சொல்லால் ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். எனினும் உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது 1947 செப்டம்பர் 9ஆம் நாள். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட மார்க் 2 என்னும் கணிப்பொறி, ரிலே எனப்படும் மின்காந்தச் சாவிகளால் ஆனது. அது பிழை செய்யவே, அதனை இயக்கியவர்கள் தேடிச் சென்று, எஃப் என்ற பலகத்தில் 70ஆம் எண்ணுள்ள ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி இருக்கக் கண்டனர். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்தனர். அப்பதிவேடு இன்றும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அறை கொள்ளாத அப்பெரும் இயந்திரத்தை அவர்கள் மாற்றவில்லை. ‘எங்கே?’ என்று கேட்டு, ஒரே ஒரு ரிலேவரை சென்றார்கள். கண்டதை எழுதியும் வைத்தார்கள். நாம் பின்பற்ற வேண்டுவதும் இதுவேயாகும்.

ஆராயும் முறை

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் அறிந்து, அது தணியும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்யச் சொல்கிறார். கணிப்பொறிக்கும் இது பொருந்தும். நான் கற்றவற்றை ஐந்து விதிகளாகத் தொகுத்துத் தருகிறேன்.

1. கடைசியாக எப்போது ஒழுங்காக இயங்கியது, அதன்பின் என்ன மாறியது என்று கேட்க வேண்டும். புதிய மென்பொருள், புதிய பென் டிரைவ், இடி மின்னல், கீழே விழுந்தது, இடம் மாற்றியது ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஓம் விதிச் சோதனையில் மின்தடையையும் மின்னழுத்தத்தையும் ஒருங்கே மாற்றினால், மின்னோட்டம் ஏன் மாறியது என்று கூற இயலாது. அதுபோலவே மூன்று பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றிப் பழுது நீங்கினால், அது எதனால் நீங்கியது என்று தெரியாது. தேவையற்ற இரண்டு பாகங்களுக்கும் பணம் கொடுத்திருப்போம்.

3. ஐயத்திற்குரிய பகுதியைப் பாதியாகப் பிரித்துப் பிரித்துச் சோதிக்க வேண்டும். தொடராக இணைந்த 16 பகுதிகளில் ஒன்று பழுதென்றால், ஒவ்வொன்றாகத் தேடினால் 15 சோதனைகள்கூட ஆகலாம். நடுவில் சோதித்து எந்தப் பாதி என்று கண்டால் 8, பின் 4, பின் 2, பின் 1 என நான்கே சோதனைகளில் முடியும். ஏனெனில் 16 என்பது 2இன் நான்காம் அடுக்கு.

4. கண்டதை எழுதி வைக்க வேண்டும். திரையில் தோன்றும் பிழைச் செய்தியைப் படிக்காமலே மூடிவிடுவது நம் பழக்கம். அச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ள வேண்டும். செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

5. உள்ளிருக்கும் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் எடுத்த பின்னரே எதையும் தொட வேண்டும். இவ்விதியை நான் கற்ற கதை பின்னர் வரும்.

இவற்றோடு ஒரு பொது நெறியையும் கொள்ளலாம். வெளியிலிருந்து உள்ளே செல்க. செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ள சோதனைக்குச் செல்க.

உயிரே இல்லாதபோது

பொத்தானை அழுத்தியும் விளக்குக்கூட எரியவில்லை என்றால் முதலில் சுவரைச் சோதிக்க வேண்டும். அதே மின்செருகியில் செல்பேசி மின்னேற்றியைச் செருகிப் பார்த்தால் சுவரில் மின்சாரம் உண்டா என்று தெரிந்துவிடும். அடுத்தது அடாப்டர். உருளை முனையுள்ள அடாப்டராயின், நம் ஆய்வகத்து மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்து முனையைச் சோதிக்கலாம். அதன் முதுகில் 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ அவ்வளவு காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிடில் பழுது அடாப்டரிலோ அதன் கம்பியிலோதான் உள்ளது, மடிக்கணினியில் இல்லை. அடாப்டரின் கழுத்தருகே கம்பி அடிக்கடி மடங்கி உள்ளுக்குள்ளே அறுந்துபோவது மிகவும் காணப்படும் குறையாகும்.

மின்சாரம் உண்டு, ஆயினும் விழிக்கவில்லை என்றால், அடாப்டரையும் கழற்றக்கூடிய மின்கலத்தையும் எடுத்துவிட்டு, பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மின்தேக்கிகளில் தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு அடாப்டரை மட்டும் செருகிப் பார்க்கலாம். இவ்வளவிலேயே எழுந்துவிடும் கருவிகள் உண்டு.

விளக்கு எரிந்து திரை மட்டும் கறுத்திருந்தால், இருட்டறையில் டார்ச் ஒளியைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாகவேனும் எழுத்துகள் தெரிந்தால், திரையின் பின்னொளி மட்டுமே போயிருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சியிலோ வகுப்பறைப் படவீழ்த்தியிலோ இணைத்துப் படம் வந்தால் மதர்போர்டு நலமாக உள்ளது. குறை திரையிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒன்றும் வராவிட்டால் அப்போது ராமைக் கழற்றித் துடைத்துப் பொருத்திப் பார்க்கலாம். 1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியைப் போலவே, இன்றைய கணிப்பொறிகளும் மின்சாரம் பாய்ந்தவுடன் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. திரைக்கு முந்திய குறையைப் பலவும் ‘பீப்’ ஒலிகளால் தெரிவிக்கும். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; ஆகவே ஒலிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு கையேட்டில் பார்க்க வேண்டும்.

உள்ளே கை வைக்கும்முன் தரையோடு இணைந்த ஓர் உலோகத்தைத் தொடுவது நன்று. நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட் இருந்தால்தான் நம் விரல் அதை உணரும். நுண்சில்லுகளோ அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே கெட்டுவிடக்கூடும். நமக்குத் தெரியாமலே நாம் அவற்றைக் கொன்றுவிடலாம்.

நாள் மறந்த கணிப்பொறி

என் வகுப்பு நண்பர் ஒருவர் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கியிருந்தார். தேர்வுக் கட்டணம் செலுத்த முயன்றபோது, ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று திரையில் எச்சரிக்கை வந்தது. இணையதளமே கெட்டுவிட்டது என்று எண்ணி ஒருநாள் காத்திருந்தார். உலாவியை நீக்கி இருமுறை மீண்டும் நிறுவினார். பயன் இல்லை. திரையின் மூலையில் இருந்த தேதியை இருவரும் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. அக்கணிப்பொறி 2015ஆம் ஆண்டில் இருந்தது!

ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் ஒரு மின்சான்றிதழை வைத்திருக்கிறது. இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். கணிப்பொறி தன் கடிகாரத்தைக் கொண்டே அதைச் சரிபார்க்கிறது. கடிகாரம் தவறினால் நல்ல சான்றிதழும் செல்லாததாகிவிடுகிறது.

மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் உள்ளது. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். அப்பெயரில் 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். அழுத்தம் 3 வோல்ட். அக்கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண் 2இன் பதினைந்தாம் அடுக்கு. மின்னணுவியல் தாளில் நாம் படிக்கும் ஃபிளிப்-ஃபிளாப் சுற்று அதிர்வெண்ணைப் பாதியாக்கும். பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு சுற்று, நண்பரின் மேசைமேல் வேலை செய்துகொண்டிருப்பதை அன்று கண்டேன். 30 ரூபாய் மின்கலம் ஒன்றை மாற்றித் தேதியைச் சரிசெய்தோம், கட்டணமும் செலுத்தப்பட்டது.

மந்தமாகும்போது

‘என் கணிப்பொறி மெதுவாக இருக்கிறது’ என்பது பழுதின் பெயர் அன்று, அறிகுறி மட்டுமே. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாடு நூற்றுக்கு எத்தனை என்று காணலாம். எது 100ஐ நெருங்குகிறதோ அங்கேதான் நெரிசல் இருக்கிறது. அந்நெரிசலை உண்டாக்கும் மென்பொருள் எது என்பதையும் அதே பட்டியல் காட்டும்.

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் நெரிசல் வட்டில்தான் இருக்கும். சுழலும் வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி. வேண்டிய செய்தி ஊசியின்கீழ் வர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி வினாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஊசி நகர்வதற்கான நேரம் தனி. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டில் இக்காத்திருப்பு இல்லை. எனவே, பழைய கருவிக்குச் செலவு செய்யத்தான் வேண்டுமென்றால் வட்டை மாற்றுவதே முதல் செலவாக இருக்கத்தக்கது.

சற்று நேரம் விரைவாக ஓடி, பிறகு மந்தமானால் வெப்பத்தை ஐயுற வேண்டும். மடிக்கணினிச் செயலிகள் பல 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. மெத்தைமேல் வைத்தால் காற்றுவழி அடைபடும். விசிறியில் தூசி அடைந்தாலும் அப்படியே. நூற்பாலை ஊர்களில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். அதைத் துடைக்க ஓவியத் தூரிகையே போதும்.

குறையே இல்லாத ஒரு ‘குறை’யையும் சொல்ல வேண்டும். 500 ஜிகாபைட் என்று வாங்கிய வட்டு 465 என்று காட்டுவதால் ஏமாற்றப்பட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். தயாரிப்பாளர் 10இன் அடுக்கில் கணக்கிடுகிறார். விண்டோஸ் 2இன் அடுக்கில் கணக்கிடுகிறது. 500 கோடியே கோடி என்றெல்லாம் மலைக்க வேண்டியதில்லை. 10இன் ஒன்பதாம் அடுக்கை 2இன் முப்பதாம் அடுக்கால் வகுத்து 500ஆல் பெருக்கினால் 465 வந்துவிடும்.

தமிழ் எழுத்து மாறும்போது

ஆண்டு மலருக்குக் கட்டுரை தட்டச்சு செய்தவர்கள் பலரும் கண்ட துன்பம் இது. வீட்டில் தமிழாகத் தெரிந்த கோப்பு, வேறு கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தின் இடத்தில் ‘அ’வும், ‘கே’ என்ற எழுத்தின் இடத்தில் ‘ம’வும் அமர்ந்திருக்கும். கணிப்பொறியைப் பொறுத்தவரை நாம் தட்டியது ஆங்கிலமே. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேடம் கலைந்துவிடுகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

ஆகவே இங்கும் அறிகுறியைக் கொண்டே காரணத்தைக் கூறலாம். ஆங்கிலக் குவியலாகத் தெரிந்தால் அது பழைய எழுத்துருக் கோப்பு. அதே எழுத்துருவை நிறுவலாம், அல்லது மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தால் கோப்பு நலமே. தமிழ் எழுத்துரு மட்டும் இல்லை. வினாக்குறிகளாகவே கோப்பில் பதிந்திருந்தால் சேமிக்கும்போதே எழுத்துகள் அழிந்துவிட்டன. மூலப்படியைத்தான் தேட வேண்டும். முதல் இரண்டிலும் கட்டுரையை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

பென் டிரைவில் கோப்புகள் மறைந்தால்

நகலகத்திற்குச் சென்று வந்த பென் டிரைவில் கோப்புகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிவிடுவதுண்டு. நச்சுநிரல் கோப்புகளை அழிக்கவில்லை. மறைத்துவைத்துவிட்டுத் தன்னை அழைக்கும் போலிச் சின்னங்களை அவற்றின் பெயரில் வைத்திருக்கிறது. அச்சின்னங்களை அழுத்தாமல், முதலில் நச்சுநிரல் நீக்கியால் சோதிக்க வேண்டும். பிறகு மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி கோப்புறை அமைப்பை மாற்றினால் அவை வெளிப்படும். பதறிப்போய்ப் பென் டிரைவை ‘பார்மட்’ செய்பவரே உண்மையில் கோப்புகளை இழக்கிறார்.

நான் செய்த தவறு

அக்காவின் மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் அளித்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய விண்டோஸை ஏற்கும் தகுதி அப்பழைய கருவிக்கு இல்லை. விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம் என்று முடிவு செய்தேன். நம் நாட்டின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. முடிவு சரியானதுதான். ராமைத் துடைத்தது முதல் எனக்கு ஒரு துணிச்சலும் வந்திருந்தது. நிறுவும்போது, வட்டு முழுவதையும் அழிக்கலாமா என்று திரை கேட்டது. படித்தும் படிக்காததுமாக ‘ஆம்’ என்றேன்.

அக்கா எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். பதினான்கு பெண்களின் சேமிப்பும் கடனும் வட்டியும், மூன்றாண்டுக் கணக்கு முழுவதும் அந்த வட்டில் இருந்தன. வார விடுமுறையில் வந்து அவர் தேடியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அழிந்த கோப்பின்மேல் புதியது எழுதப்படாதவரை அதை மீட்க வாய்ப்புண்டு. உடனே கருவியை நிறுத்தியிருந்தால் சில கோப்புகளேனும் கிடைத்திருக்கும். நானோ அதன்மேல் ஒரு மாதம் வேலை செய்திருந்தேன். மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தும் கணக்குக் கோப்பு கிடைக்கவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. “சரி விடு, எல்லார் வீட்டிலயும் பாஸ்புக் இருக்கும்ல, கேட்டு வாங்கிட்டு வா” என்றார். பதினான்கு வீட்டு வாசலிலும் நின்று, நடந்ததைச் சொல்லிக் கணக்குப் புத்தகங்களை வாங்கி வந்தேன். அவர் படிக்க நான் தட்டச்சு செய்ய, நான்கு இரவுகள் ஆயின. இரண்டாம் இரவில் எண்களைப் படித்துக்கொண்டிருந்தபோதே உட்கார்ந்தபடி உறங்கிவிட்டார். மறுநாள் அவருக்குக் காலைப் பணி.

பாகம் போனால் வாங்கலாம். மென்பொருள் போனால் மீண்டும் நிறுவலாம். ஒருவர் உழைத்துச் சேர்த்த கோப்பு போனால் அதே உழைப்பைத் திரும்பக் கொடுத்தாலன்றி மீளாது. இன்று அக்கணக்கு மடிக்கணினியில் ஒன்றும், பென் டிரைவில் ஒன்றும், இணையச் சேமிப்பில் ஒன்றுமாக மூன்று இடங்களில் இருக்கிறது. ஐந்தாம் விதியை நான் முதல் விதியாக எழுதியிருக்க வேண்டும்.

தொடக் கூடாதவை

துணிவு வேண்டும்; ஆயின் எல்லையும் வேண்டும். மேசைக் கணிப்பொறியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கலாகாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு, 1.414ஆல் பெருக்க, ஏறத்தாழ 325 வோல்ட். இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கியில் அவ்வழுத்தம் தங்கியிருக்கக்கூடும். உப்பிய லித்தியம் மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பற்றும். தண்ணீர் கொட்டினால் இயங்குகிறதா என்று போட்டுப் பார்க்காமல், உடனே நிறுத்தி மின்கலத்தை நீக்க வேண்டும். வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கலாகாது. உள்ளிருப்பது முக்கியமானால் வல்லுநரிடமே கொடுக்க வேண்டும்.

மின்னேற்றும்போது உலோக உடலைத் தொட்டால் கை ‘விர்’ரென்பதைப் பலரும் உணர்ந்திருப்பீர்கள். அடாப்டரின் மூன்றாம் முனை தரையிணைப்புக்கு உரியது. இருமுனைச் செருகியில் மாட்டி அதைப் பயனற்றதாக்கும்போது, இரைச்சல் வடிகட்டும் மின்தேக்கிகளின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் போக்கிடமின்றி நம் உடல்வழி செல்கிறது. மருந்து, தரையிணைப்புள்ள மும்முனைச் செருகியே. அதைப் பயன்படுத்தியும் அதிர்ச்சி நீடித்தால் வீட்டு மின்னிணைப்பை மின்பணியாளரிடம் காட்ட வேண்டும்.

சில்லுகளைப் பற்றவைத்துச் சீர்செய்யும் கைத்திறன் கடைக்காரர்களிடம் உண்டு. அது நம்மிடம் இல்லை. அவர்களிடம் செல்வதில் தாழ்வில்லை. ஆனால், ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்லிச் செல்லாமல், ‘அடாப்டரில் 19 வோல்ட் வருகிறது, ராமைத் துடைத்துப் பார்த்தேன், வெளித்திரையிலும் படம் இல்லை’ என்று சொல்லிச் செல்வோமானால் அவருக்கும் வேலை எளிது. நமக்கும் ஏமாற்றம் குறைவு.

முடிவுரை

என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்போர் இங்குப் பலர். கணிப்பொறி நின்றுவிட்டால் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. தவறு செய்துவிட்டால் ஈடு செய்யப் பணமும் இல்லை. அதனால்தான் அஞ்சுகிறோம். ஆயினும் அஞ்சுபவர்களுக்கு வேண்டிய கருவி நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அளவீடு, முடிவு என்று பதிவேட்டில் நாம் வாரந்தோறும் எழுதுவதுதான் அது.

எங்கள் துறை ஆய்வகத்தில், உதவியாளரின் மேசைமேல் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பழுதின் அறிகுறி, செய்த சோதனை, கண்ட காரணம், ஆன செலவு என நான்கு பத்திகள். ராம் பழுது முதற்பதிவு. அழிந்த கணக்குக் கோப்பையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இதுவரை வந்த பதிவுகளில் பெரும்பாலானவற்றின் நான்காம் பத்தியில் ஒன்றுமில்லை என்றே எழுதப்பட்டுள்ளது. எல்லாத் துறை மாணவர்களும் அதைப் பார்க்கலாம். தாம் கண்டதையும் எழுதலாம். பேராசிரியப் பெருமக்கள் ஒவ்வொரு துறையிலும் இத்தகைய ஏடு ஒன்று தொடங்க ஆவன செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த முறை திரை கறுத்தால், பணத்தை எண்ணும்முன் வினாவை எண்ணுவோம். கடைசியாக எப்போது ஓடியது? அதன்பின் என்ன நடந்தது?